முதலில் யாருக்கு ஆடிக்காட்டுவது?

2017 இல் ரொறன்ரோ பெரும்பாகத்தில் உள்ள ஓர் உள்ளூர்க் கலை மன்றம் என்னை நடுவர் குழுவில் இருக்கும்படி கேட்டது. சமூகக் கலைஞர்களுக்குச் சிறு மானியம் கொடுக்கும் திட்டம் அது. ஐந்து நடுவர்களில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வந்திருந்த விண்ணப்பங்களில் ஒன்று, வடமோடிக் கூத்து ஒன்றைப் பழக்கி ஆடுவதற்கு உதவி கேட்டது. விண்ணப்பித்தவர் வயதானவர். யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டு ஆங்கிலத்தில் நிரப்புவித்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. 'உங்கள் பார்வையாளர்கள் யார்? அவர்களின் வட்டத்தை எப்படி விரிவாக்கப் போகிறீர்கள்?' என்ற கேள்விக்கு ஒரு முழுப்பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அதில் ஒரே வரி இருந்தது. தமிழில் சொன்னால், 'எங்கட ஊர் ஆக்கள்.'

அந்தக் கேள்விக்கு நான் பத்துக்கு இரண்டு புள்ளி போட்டேன். தமிழ் தெரிந்தவனே இரண்டு போட்டால் மற்ற நால்வரும் என்ன செய்வார்கள்? அவருக்குப் பணம் கிடைக்கவில்லை.

நடுவர் குழுவில் கதைத்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே அந்தப் பெரியவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை, மற்ற நடுவர்கள் சொன்னதையும் எழுதவில்லை. என் புள்ளியை மட்டும் சொல்கிறேன். அது என்னுடையது. அந்த இரண்டு பிழை என்று எனக்கு விளங்க இரண்டு வருடங்களும், பர்மாவில் ஒரு தேநீர்க்கடையும் வேண்டியிருந்தன.

நான் வேலை செய்யும் தொழிற்சங்கம் 2019 இன் தொடக்கத்தில் ஒரு சிறு குழுவை யாங்கோனுக்கு அனுப்பியது. நாங்கள் கனடாவில் வாங்கி உடுத்தும் ஆடைகளைத் தைப்பவர்களைச் சந்திப்பதுதான் நோக்கம். அவர்களில் பெரும்பகுதியினர் இருக்கும் இடம் லைங் தாயா. நகரத்துக்கு மேற்கே, லைங் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பேட்டை. 1980களின் இறுதியில், நகரத்துக்குள் இருந்த ஏழைகளைக் கிளப்பிக் கொண்டுபோய் இருத்துவதற்கு இராணுவ அரசு திறந்த புதுக் குடியிருப்புகளில் ஒன்று. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தை அழித்தபின் அங்கிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தார்கள். 2014 குடிசன மதிப்பீட்டில் ஏறக்குறைய 6,87,000 பேர். ஒரு பக்கம் மதில் கட்டிய கோல்ஃப் மைதானமும் பணக்காரர் மாளிகைகளும். மறுபக்கம் மூங்கிலும் கீற்றுமாக வரிசைக் குடிசைகள், தையல் தொழிற்சாலைகள், பெண் தொழிலாளர் விடுதிகள்.

எனக்கு அந்த இடம் அந்நியமாகத் தெரியவில்லை. நான் மட்டக்களப்பில் படுவான்கரையைச் சேர்ந்தவன். வாவிக்கு இந்தப்பக்கம் சூரியன் எழும் எழுவான்கரை: பட்டினம், பாடசாலை, கச்சேரி. அந்தப்பக்கம் சூரியன் படும் கரை: வயல், மாடு, கூத்து. பாலத்தைத் தாண்டினால் ஆள் மாறிவிடுவான் என்று பட்டினத்தார் நினைக்கும் கரை. லைங் தாயாவும் ஒரு படுவான்கரைதான்.

எங்களுக்கு மொழிபெயர்க்க வந்தவர் ரங்கூன் தமிழர். 1964 இல் கடைகளை அரசு எடுத்தபோது இலட்சக்கணக்கானோர் கப்பலேறிப் போக, அவருடைய தகப்பனார் மட்டும் போகவில்லையாம். ஒரு மாலை கூட்டம் முடிந்து திரும்பும்போது, தேநீர்க்கடை ஒன்றின் பின்பக்கத்தில் மேளச் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பேர் நின்று பழகிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் தையல் தொழிற்சாலைப் பெண்கள். ஒருவர் ஒரு வரியை எடுத்துவிட, மற்றவர்கள் சேர்ந்து பதில் வரியைக் கத்தினார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன பாட்டு, ஐயா?" என்று கேட்டேன்.

"பாட்டுன்னு சொல்ல முடியாது தம்பி. தன்ஜாட். தண்ணித் திருவிழாவுக்குப் போடுறது. யாரை வேணும்னாலும் திட்டலாம். மந்திரியைத் திட்டலாம், மொதலாளியைத் திட்டலாம், மாமியாரைத் திட்டலாம்."

அன்று அவர்கள் திட்டிக்கொண்டிருந்தது ஒரு மேற்பார்வையாளரை. அப்போது சட்டப்படியான குறைந்த கூலி நாளொன்றுக்கு 4,800 சாட். அதிலிருந்து எதற்கெல்லாம் வெட்டுகிறார்கள் என்பது ஒரு வரி. கழிப்பறைக்குப் போக அட்டை வாங்கவேண்டும் என்பது அடுத்த வரி. மழை பெய்தால் தெரு எங்கே, வாய்க்கால் எங்கே என்பது இன்னொரு வரி.

நான் மானியத்திட்ட நடுவன் அல்லவா? எனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டேன். இதற்கு யார் பணம் தருகிறார்கள்? அவர்களுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஐயா இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் பதில் வந்தது. வீட்டுக்கு வீடு போனால் தருவார்கள். மேளம் இரவல். தேநீர் கடைக்காரம்மா ஊற்றுகிறார். சட்டை அவர்களே தைத்துக்கொள்வார்கள், அதுதானே தொழில்.

தன்ஜாட்டின் கதையைத் தெரிந்தால்தான் இந்தப் பதிலின் எடை விளங்கும். திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டில், பழைய ஆண்டின் அழுக்கைக் கழுவுவது தண்ணீர் மட்டுமல்ல, வசையும்தான். 1988 கிளர்ச்சிக்குப் பின் ஆட்சியைப் பிடித்த தளபதிகள் 1989 இல் தன்ஜாட்டைத் தடைசெய்தார்கள். கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் அது தெருவில் இல்லை. வெளிநாடு போனவர்கள் ஒலிநாடாவில் பாடி உள்ளே அனுப்பினார்கள். 2013 இல்தான் மறுபடியும் வெளிப்படையாகப் பாட விட்டார்கள்.

ஆனால் அதே தளபதிகள் கலையை ஆதரிக்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1993 இல் அவர்கள் தேசிய அளவில் பெரிய போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். பாடுதல், ஆடுதல், இயற்றுதல், வாசித்தல் என்று நான்கு பிரிவு. மாநிலங்களிலிருந்தும் கோட்டங்களிலிருந்தும் கலைஞர்கள் வந்தார்கள். தங்கம், வெள்ளிப் பதக்கங்கள், பரிசுப்பணம், தொலைக்காட்சி. மறையும் நிலையில் இருந்த சில பழைய இசை வடிவங்களுக்கு அந்தப் போட்டியால் இளைஞர்கள் கிடைத்தார்கள் என்பதும் உண்மை. தன்ஜாட் தடையில் இருந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. ஒரு கையால் தடையும் மறுகையால் பதக்கமும் கொடுக்கும்போது அவற்றை ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணுகிறோம். அப்படியல்ல. எந்தக் கலையை யாருடைய முன்னிலையில் ஆடலாம் என்று தீர்மானிக்கும் ஒரே வேலையை இரண்டு கைகளும் செய்கின்றன.

நாங்கள் போயிருந்த வருடம் வேறொரு சிக்கல் வந்தது. தேர்தலில் வென்ற அரசு ஆட்சியில் இருந்த காலம். திஞ்சானுக்கு முன்னர் யாங்கோன் பிராந்திய நிர்வாகம், தன்ஜாட் குழுக்கள் தங்கள் வரிகளை முன்கூட்டியே ஒரு குழுவிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்றது. எழுத்தாளர்களும் உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள். அந்தத் தேநீர்க்கடையிலும் அதுதான் பேச்சு. எழுதிக் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால் பிரச்சினையில்லாமல் பாடலாம், நாலு வரியைத்தானே வெட்டுவார்கள் என்றார் ஒருவர். வரியை எடுத்துவிடும் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை ஐயா எனக்கு இப்படிச் சொன்னார்:

"மொதல்ல அங்க போய் பாடிக்காட்டிட்டு அப்புறம் நம்ம தெருவுல பாடினா அது பழசு தம்பி. நம்ம ஆளுங்க மிச்சத்தைத்தான் கேப்பாங்க. அப்படின்னு சொல்லுது."

வெட்டப்படும் வரிகளைப் பற்றி அந்தப் பெண் கவலைப்படவில்லை. ஒரு வரிகூட வெட்டப்படாவிட்டாலும் அவர் எழுதிக் கொடுக்கமாட்டார். முதலில் கேட்பது யார் என்பதுதான் அவருடைய வழக்கு. எந்தக் கலையும் தன் முதல் பார்வையாளரை மனதில் வைத்தே உருவாகிறது. அந்த இடத்தில் அதிகாரியை இருத்தினால், பாடுகிறவர் எழுதும்போதே அதிகாரிக்கு எழுதத் தொடங்கிவிடுவார். பிறகு வெட்டுவதற்கு எதுவும் இருக்காது.

எனக்கு என் இரண்டு புள்ளி ஞாபகம் வந்தது அங்கேதான். 'எங்கட ஊர் ஆக்கள்' என்று எழுதியவரும் இதைத்தான் சொல்லியிருந்தார். கேட்ட கேள்விக்கு அவர் நேர்மையாக விடை எழுதியிருந்தார். நான் அதை விடை எழுதத் தெரியாமை என்று படித்தேன்.

அந்தத் திஞ்சானில் என்ன நடந்தது என்பதும் பதிவில் உள்ளது. மயில் தலைமுறை என்ற பெயர் கொண்ட தன்ஜாட் குழுவினர் இராணுவ உடை அணிந்து, இராணுவத்தைக் கிண்டல் செய்து பாடினார்கள். முகநூலில் நேரலையும் விட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் கைதுகள் தொடங்கின. ஒக்டோபரில் அவர்களில் ஐந்து பேருக்கு ஒரு வருடச் சிறை விதிக்கப்பட்டது.

இதைப் படிக்கும் ஒருவர், பர்மியத் தணிக்கைக் குழுவையும் கனடாவின் மானியக் குழுவையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று கேட்கலாம். வைக்கவில்லை. ஒன்று சிறைக்கு அனுப்புகிறது, மற்றது 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் அனுப்புகிறது. அந்த வித்தியாசத்தில்தான் நாங்கள் பலர் உயிரோடிருக்கிறோம். ஆனால் இரண்டு குழுக்களும் கலைஞரிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: ஆடுவதற்கு முன் எழுதிக் காட்டு. தண்டனையில் உள்ள வேறுபாடு பெரிது என்பதால் இந்த ஒற்றுமையைப் பார்க்காமல் விடக்கூடாது.

எங்கள் சொந்த வரலாற்றிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அதை வைத்துப் பேசுவதுதான் நியாயம். இலங்கைக் கலைக் கழகம் 1952 இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. பிரித்தானியாவில் 1946 இல் அமைந்த கலை மன்றம் கண்முன் இருந்த காலம். அரசு பணம் தரும், ஆனால் அரசின் கை கலைக்குள் எட்டக்கூடாது என்பது அந்தப் பிரித்தானிய அமைப்பின் கொள்கை. இலங்கைக் கலைக் கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கு 1950களின் பிற்பகுதியிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கினார். சரச்சந்திரவின் 'மனமே' 1956 இல் சிங்கள நாடகத்தைப் புரட்டிப்போட்டிருந்தது. தமிழரின் மரபு எங்கே என்ற கேள்விக்கு வித்தியானந்தன் கிராமங்களில் விடை தேடினார்.

அவர் செய்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு கலை மன்றம் செய்யக்கூடிய எல்லாமே அதில் இருக்கின்றன. அண்ணாவிமாரைத் தேடிப்போய்க் கண்டார். அவர்களை ஒன்றுகூட்டி மாநாடு நடத்தி, பட்டினத்து மேடையில் ஏற்றிக் கௌரவித்தார். பாடசாலைகளுக்குள் கூத்துப்போட்டியைக் கொண்டுபோனார். 1962 இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' மேடையேறியது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் வந்து பழக்கினார். 1967 இன் 'வாலி வதை' வரை அந்த வரிசை தொடர்ந்தது. மேடைக்கு வெளியே நடந்ததைத்தான் நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். 1962 இல் மட்டக்களப்புப் பிரதேசக் கலாமன்றம் 'அலங்கார ரூபன் நாடகம்' என்ற தென்மோடிக் கூத்தை வித்தியானந்தனின் பதிப்பாக அச்சிட்டது. மாவட்டத்துக் கலாமன்றம் ஒன்று, அண்ணாவிமார் வீடுகளில் இறப்பில் செருகிக் கிடந்த கொப்பிகளில் ஒன்றைப் புத்தகமாக்கியது. போரும் சூறாவளியும் சுனாமியும் கண்ட கரையில் எத்தனை கொப்பிகள் தப்பியிருக்கும் என்று யோசித்தால், அந்தச் செலவின் பெறுமதி விளங்கும்.

பல்கலைக்கழக மாணவர் ஆடியதால் கூத்து 'நாட்டான் கூத்து' என்ற ஏளனத்திலிருந்து வெளியே வந்தது. என் அப்பாவின் தலைமுறையில் படித்தவன் கூத்தாடுவது வெட்கம். எனது தலைமுறையில் அது பெருமை. அந்த மாற்றத்துக்கு வித்தியானந்தனுக்கும் கலைக் கழகத்துக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் விலையும் இருந்தது. விடிய விடிய ஆடிய கூத்து மேடையில் ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. சுற்றிவர ஆட்கள் இருக்கும் வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையானது. எந்தப் பாத்திரம் முதலில் வரவேண்டும், எந்த ஆட்டம் மிகை, எது அலுப்பு என்பதையெல்லாம் நகரத்துக் கண் தீர்மானித்தது. கிராமத்தில் யாரும் ஒன்றரை மணித்தியாலக் கூத்துக் கேட்கவில்லை. கேட்டது கொழும்பு.

இதை முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான் அல்லன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் நண்பர்களும் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். சொல்வதோடு நில்லாமல் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்ற வேலையையும் செய்தார்கள். கூத்தை ஊரிலிருந்து எடுத்து மேடைக்கு ஏற்றுவதற்குப் பதிலாக, ஊரில் வைத்தே, ஆடுபவரும் பார்ப்பவரும் கூடிக் கதைத்து, எதை மாற்றுவது என்று அவர்களே முடிவு செய்வது. மாற்றம் வேண்டாம் என்பதல்ல அவர்களுடைய வாதம். மாற்றுகிறவர் யார், எங்கே வைத்து மாற்றுகிறார் என்பதே வாதம். மறுபக்கத்தில் பேராசிரியர் சி. மௌனகுரு, வித்தியானந்தனின் கூத்துகளில் மாணவராக ஆடியவர், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர், செம்மைப்படுத்திய கூத்தின் பக்கம் நின்றார். இந்த விவாதம் சில வேளைகளில் ஆட்களுக்கிடையிலான சண்டை போல ஒலித்ததுண்டு. நான் அதை ஒரு கலை மன்றம் எங்கே நிற்கவேண்டும் என்ற விவாதமாகவே படிக்கிறேன்.

மரபுக் கூத்து எப்படி ஆடப்பட்டது என்று பாருங்கள். சட்டம் கொடுக்கும் நாளிலேயே ஊர் கூடிவிடும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை ஊர் முன்னிலையில்தான் அண்ணாவியார் சொல்வார். மாதக்கணக்கில் களரியில் பழகும்போது அண்டை வீட்டுக் கிழவி வந்திருந்து தாளம் பிழை என்பாள். சதங்கை அணிவது ஒரு விழா. அரங்கேற்றம் இன்னொரு விழா. அதன்பிறகு உடுப்போடு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர் தங்களால் இயன்றதைக் கொடுப்பார்கள். லைங் தாயாவின் பெண்கள் 'வீட்டுக்கு வீடு போனால் தருவார்கள்' என்று சொன்னபோது எனக்குக் கேட்டது இந்தச் சதங்கைச் சத்தம்தான். இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் முதல் பார்வையாளர் ஊர். பணம் கடைசியில் வருகிறது, அதுவும் பார்த்தவர் கையிலிருந்து. எங்கள் மானியத்தில் பணம் முதலில் வருகிறது, பார்க்காதவர் கையிலிருந்து.

இதோடு நிறுத்தினால் இந்தக் கட்டுரை பழைய ஊரை ஏங்கும் இன்னொரு புலம்பலாகிவிடும். ஊர் என்பது நல்லவர்களின் கூட்டம் மட்டுமல்ல. எங்கள் களரியில் யார் ஆடலாம், யார் தள்ளி நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. கூத்தில் திரௌபதிக்கும் சுபத்திரைக்கும் உடுத்தவர்கள் ஆண்கள். பெண்கள் பாயில் இருந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு போன கூட்டம் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. ஊர் கொடுக்கும் பணத்திலும் ஊர் போடும் நிபந்தனை உண்டு. பேராதனையில் பெண்கள் கூத்தில் பாத்திரமேற்க முடிந்ததற்கு, ஊருக்கு வெளியே ஒரு மேடை இருந்ததும் ஒரு காரணம். சீலாமுனையிலும் பெண்ணின் பாத்திரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, சாதிப் பெருமை எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்விகள் ஊருக்குள் எழும்பியது வெளியே படித்துவிட்டு வந்தவர்களும் கூட இருந்ததால்தான். வெளியாருக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆனால் அந்த வெளியார் களரியில் வந்து இருந்தார்கள், மாதக்கணக்கில் இருந்தார்கள். கடுதாசியைப் படித்துவிட்டுப் புள்ளி போடவில்லை.

இலங்கையில் இன்று ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார், கலாசாரப் பேரவை இருக்கிறது. மன்றங்களைப் பதிகிறார்கள், இசைக்கருவிகள் கொடுக்கிறார்கள், ஆண்டுதோறும் விழா எடுத்து மலர் வெளியிடுகிறார்கள், மூத்த கலைஞர்களைக் கலாபூஷணத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள். பொன்னாடைப் படங்களைப் பார்த்துச் சிரிப்பது எங்களுக்குச் சுலபம். ஆனால் மத்தளத்துக்குத் தோல் மாற்றக் காசில்லாத மன்றத்துக்கு ஒரு புது மத்தளம் சிரிப்பல்ல. அந்த உத்தியோகத்தர் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்தவர். நல்லவராக அமைந்தால் களரிக்கு வந்து பாயில் இருப்பார். எங்கள் ரொறன்ரோ முறையில் அதற்கு இடமே இல்லை. அரசின் கை எட்டாத் தூரத்தில் கலை மன்றத்தை வைத்தார்கள், நல்லது. அதே தூரம் கலைஞருக்கும் மன்றத்துக்கும் இடையிலும் வந்துவிட்டதை யாரும் அளக்கவில்லை.

யாங்கோனிலும் அந்தத் தூரத்தைக் கண்டேன். 2011 இற்குப் பின் நாடு திறந்தபோது வெளிநாட்டுப் பண்பாட்டு நிலையங்களும் தூதரகங்களும் கலைக்குப் பணம் கொண்டுவந்தன. நகர மையத்தில் கண்காட்சிக்கூடங்கள் வந்தன. குப்பை நிறைந்த பின்சந்துகள் துப்புரவாகிச் சுவரோவியம் பெற்றன. நல்ல வேலைகள், குறை சொல்லவரவில்லை. ஆனால் நான் பார்த்தவை எல்லாம் ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்தன. விண்ணப்பம் எழுதக்கூடியவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள் என்பதுதான் காரணம். பாலத்துக்கு அப்பால் ஏழு இலட்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கலை இருந்தது. இல்லாதது படிவம்.

சரி, அப்படியானால் ஒரு உள்ளூர்க் கலை மன்றம் என்னதான் செய்யவேண்டும்? விமர்சனம் எழுதுகிறவன் இந்தக் கேள்வியிலிருந்து நழுவக்கூடாது.

முதலாவது, எழுத்து மூலமான விண்ணப்பத்தைக் கட்டாயமாக்கக்கூடாது. சில கனடிய மன்றங்கள் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு ஒலிப்பதிவாகவோ காணொளியாகவோ விண்ணப்பிக்க இடம் கொடுக்கின்றன. அதை எல்லோருக்கும், அவரவர் மொழியில் திறந்துவிடலாம். அண்ணாவியார் ஒருவர் ஒரு தருவைப் பாடிக் காட்டினால் அதைவிட நல்ல 'கலைக்கூற்று' வேறென்ன?

இரண்டாவது, பழகும் காலத்துக்குப் பணம் கொடுக்கவேண்டும். எங்கள் மானியங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி நாளையே பார்க்கின்றன: மண்டபம், ஒளி, துண்டுப்பிரசுரம். கூத்தின் உயிர் பழகும் ஆறு மாதத்தில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு வேலையை விட்டுவிட்டு மத்தளம் அடிக்க வருபவருக்கு யாரும் இங்கே சம்பளம் கேட்டு எழுதுவதில்லை, எழுதினாலும் வெட்டுவார்கள். நானும் வெட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, முதல் ஆட்டம் சொந்த ஆட்களுக்கு என்பதை விதியாகவே வைக்கலாம். நடுவர்கள் அங்கே வந்து பாயில் இருக்கட்டும். பிறகு வேண்டுமானால் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோகலாம். பார்வையாளர் வட்டம் விரியத்தான் வேண்டும். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கே கூத்து அந்நியம், அவர்கள் வரவேண்டாமா? ஆனால் விரிவதற்கு முதலில் ஒரு நடு வேண்டும். 'எங்கட ஊர் ஆக்கள்' என்பது அந்த நடு.

நான்காவது, மட்டக்களப்புப் பிரதேசக் கலாமன்றம் 1962 இல் செய்ததைச் செய்யவேண்டும். ஸ்காபரோ நிலவறைகளில் எத்தனை கூத்துக் கொப்பிகள், நாடகப் பிரதிகள், ஒலிநாடாக்கள் கிடக்கின்றன? வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு விழாவின் செலவில் பத்துப் பிரதிகளை அச்சிடலாம். எழுதியவர் பெயரோடு, கொப்பியைப் பாதுகாத்தவர் பெயரோடு.

தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு சொல். நாங்களும் கலை மன்றங்கள்தான். எங்கள் விழாக் குழுக்களும் நேரக்கணக்கு வைத்து, 'அண்ணை, பதினைந்து நிமிசம்தான்' என்று சொல்லி, பிரதம விருந்தினரின் பேச்சுக்குக் கூத்தை வெட்டுகின்றன. அரசின் படிவத்தைக் குறை சொல்லுமுன் எங்கள் நிகழ்ச்சிநிரலைப் பார்க்கவேண்டும்.

லைங் தாயாவுக்கு நான் திரும்பிப் போகவில்லை. 2021 பெப்ரவரி 1 இல் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 14 ஆம் திகதி லைங் தாயாவில் கூடியவர்கள் மீது படையினர் சுட்டார்கள். அந்த ஒரே நாளில், அந்த ஒரே பேட்டையில் குறைந்தது அறுபத்தைந்து பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் பதிவுசெய்தது. அன்றிரவே அங்கே இராணுவச் சட்டம் வந்தது. தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு பாலத்தையும் ஆற்றையும் தாண்டிக் கழிமுகத்துக் கிராமங்களுக்குத் திரும்பும் படங்களைப் பார்த்தேன். தேநீர்க்கடையின் பின்னால் வரி எடுத்துவிட்ட பெண்ணின் பெயரை நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "அந்தப் பக்கமே போறதில்ல தம்பி" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொலைபேசியில் எதைக் கதைக்கலாம், எதைக் கதைக்கக்கூடாது என்பது எங்கள் ஊரிலும் எங்களுக்குத் தெரியும்.

சென்ற வருடம் அதே கலை மன்றம் என்னை மீண்டும் நடுவராக அழைத்தது. ஒத்துக்கொள்ளுமுன் ஒன்று கேட்டேன். விண்ணப்பித்த குழுக்கள் பழகும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் புள்ளி போடலாமா? முடியாது, அது பக்கச்சார்புக்கு இடம் கொடுக்கும், எல்லோரையும் கடுதாசியில் மட்டும் பார்ப்பதே சமநீதி என்று பதில் வந்தது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. தெரிந்தவனுக்குக் கொடுப்பது எங்கள் சமூகத்தில் எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கடுதாசிக்கும் ஒரு பக்கச்சார்பு உண்டு. அது எழுதத் தெரிந்தவனின் பக்கம். பள்ளிக்கூடம் தந்த ஆங்கிலத்தோடு மேசைக்கு இந்தப்பக்கம் இருந்து இரண்டு புள்ளி போட்டவன் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேலே உள்ள நான்கு விடயங்களையும் ஆங்கிலத்தில் எழுதி அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆம், நானும் எழுதித்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் முதலில் வாசிப்பவர்கள் நீங்களாக இருக்கவேண்டும் என்பதால், இந்த இதழ் உங்கள் கைக்கு வந்தபின் பரிசீலித்தால் போதும் என்று அதன் கீழே குறித்திருக்கிறேன்.